உங்களுக்குத் தெரியுமா? ஊர் கூடி எழுதிய சமையல் புத்தகங்கள்

சர்ச்சுக்குக் கூரை மாற்ற வேண்டும், பள்ளிக்கூடத்துக்குப் பியானோ வாங்க வேண்டும். கையில் காசில்லை. ஊர்ப் பெண்கள் கூடிப் பேசி, ஆளுக்கு இரண்டு மூன்று செய்முறை எழுதிக் கொடுத்து, உள்ளூர் அச்சகத்தில் புத்தகமாக்கி விற்றுவிடுகிறார்கள். ஊர் கூடித் தேர் இழுத்த கதைதான். அமெரிக்காவில் இப்படி ஆயிரக்கணக்கான புத்தகங்கள் வந்திருக்கின்றன. பழைய புத்தகக் கடையிலும் வீட்டுச் சாமான் ஏலத்திலும் இவற்றைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இன்றும் உண்டு. ஒரு சிற்றூரின் பெண்கள் யார், கடைகள் எவை, அடுப்பு என்ன, பஞ்சம் எப்போது என்றெல்லாம் இவ்வளவு நெருக்கமாகச் சொல்லும் ஆவணம் வேறு கிடைப்பது அரிது.

★ இந்த வகையில் முதல் புத்தகம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1864-இல் வந்த 'எ பொயட்டிகல் குக்-புக்'. தொகுத்தவர் பிலடெல்பியாவின் மரியா மாஸ். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். காயம்பட்ட வடபகுதிப் படைவீரர்களுக்கு உதவ அந்த நகரில் நடந்த பெரிய நிதிச் சந்தையில் இது விற்பனைக்கு வந்தது. செய்முறைகளோடு கவிதையும் கலந்து வரும். போர் முடிந்ததும் விதவைகள், அநாதைகள், இடிந்த தேவாலயங்கள் என்று பணத் தேவை பெருகியது. புத்தகங்களும் பெருகின.

★ எத்தனை பெருகின? 1861-க்கும் 1915-க்கும் இடையில் அமெரிக்காவில் வந்த நிதி திரட்டும் சமையல் நூல்களை மார்கரெட் குக் என்பவர் பட்டியலிட்டு 1971-இல் வெளியிட்டார். அதில் 3,000-க்கும் மேற்பட்ட தலைப்புகள் இருக்கின்றன.

★ ஓஹியோ மாநிலத்தின் மேரிஸ்வில் என்ற சிறு ஊரில், சபைப் போதகருக்குக் குருமனை கட்டுவதற்காக 1876-இல் பெண்கள் தொகுத்த நூல் 'பக்கை குக்கரி'. உள்ளூரில் விற்கத் தொடங்கிய இது, பின்னால் நாடு முழுவதும் வாங்கப்பட்ட பெரிய நூலாக வளர்ந்தது.

★ 18 டாலர். இந்தத் தொகையைத்தான் மில்வாக்கி நகரில் லிசி பிளாக் கேண்டர் தன் நிர்வாகக் குழுவிடம் கேட்டார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஏழை யூதச் சிறுமிகளுக்குக் குடியேறிகள் நல மையம் ஒன்றில் அவர் சமையல் வகுப்பு நடத்திவந்தார். கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பிள்ளைகள் பார்த்து எழுதி முடிப்பதற்குள் வகுப்பு நேரம் பாதி போய்விடும். அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டால் அந்த நேரத்தில் சமைத்தே காட்டிவிடலாம் என்பது அவர் யோசனை. குழு பணம் தர மறுத்தது. பெண்கள் கடைக்காரர்களிடம் விளம்பரம் வாங்கி அச்சுக்கூலியைத் தேற்றினார்கள். 1901-இல் 'தி செட்டில்மென்ட் குக் புக்' வெளிவந்தது. பத்தாண்டுக்குள் அதன் வருமானம் அந்த மையத்துக்குப் புதுக் கட்டடம் எழுப்பக் கைகொடுத்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் சுமார் 20 லட்சம் பிரதிகள் விற்றதாகக் கணக்கு.

இந்த நூலை நான் பெரிதும் மதிப்பதற்குக் காரணம் விற்பனை அல்ல. புது நாட்டில் காலூன்றும் குடும்பத்தின் தடுமாற்றம் அதில் அப்படியே இருக்கிறது. அடுப்பு மூட்டுவது எப்படி, அறையைத் தூசி தட்டுவது எப்படி என்று தொடங்குகிறது. பஸ்கா பண்டிகைக்கான புளிப்பில்லா மாவுப் பலகாரமும் உண்டு. யூத மரபில் விலக்கான சிப்பிக் கறியும் உண்டு. இரண்டையும் ஒரே அட்டைக்குள் அனுமதித்த சமூகம் அமெரிக்காவுக்குள் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

★ செய்முறைக்குக் கீழே இருக்கும் பெயரைக் கட்டாயம் பாருங்கள். பழைய நூல்களில் பெரும்பாலான பெண்கள் கணவர் பெயரில்தான் இருப்பார்கள். மிஸஸ் என்று போட்டு, பிறகு கணவரின் முழுப்பெயர். சமைத்தவளின் சொந்தப் பெயர் எங்குமே இருக்காது. 1970-களுக்குப் பின் வந்த பதிப்புகளைப் புரட்டினால் அந்தப் பெண்களின் சொந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தலை காட்டுகின்றன. ஒரே சங்கம் வெவ்வேறு பத்தாண்டுகளில் வெளியிட்ட இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு அந்த மாற்றம் கண்ணுக்கு முன்னால் தெரியும்.

குடும்ப வேர் தேடுபவர்களுக்கும் இந்தப் பெயர்கள் பொக்கிஷம். மக்கள்தொகைக் கணக்கேட்டில் வெறும் 'மனைவி' என்று இருந்தவர் இங்கே எலுமிச்சைப் பை செய்பவராக, ஊறுகாய்க்குப் பேர் போனவராக இருப்பார்.

★ விளம்பரப் பக்கங்களைக் கிழித்துப் போட்ட பிரதி கிடைத்தால் வாங்க வேண்டாம் என்பேன். நூலின் உயிர் பாதி அங்கேதான் இருக்கிறது. மளிகைக் கடை, வங்கி, விறகு நிலக்கரி மண்டி, தையல் துணிக் கடை, மருந்துக் கடை எல்லாம் வரிசையாக நிற்கும். மேஜை நாற்காலி விற்கும் கடைக்காரரே சவ அடக்க ஏற்பாடும் செய்வதாக அறிவித்திருப்பார். மரவேலை தெரிந்தவரிடமே சவப்பெட்டியும் வாங்கிய காலம் அது. கடைப் பெயருக்குப் பக்கத்தில் தொலைபேசி எண் இரண்டே இலக்கத்தில் இருந்தால், அந்த ஊரில் மொத்தமே நூறு இணைப்பு தேறாது என்று பொருள். ஐஸ் கட்டி வண்டிக்காரர் எந்தப் பதிப்பில் காணாமல் போகிறார், குளிர்சாதனப் பெட்டி விற்பவர் எந்தப் பதிப்பில் வருகிறார் என்று பார்த்தால், மின்சாரம் எந்த வேகத்தில் தெருவுக்குள் வந்தது என்று கணிக்கலாம்.

★ 19-ஆம் நூற்றாண்டுச் செய்முறைகளில் வெண்ணெய்க்கு அளவு என்ன தெரியுமா? முட்டை அளவு. சிலவற்றில் வாதுமைக்கொட்டை அளவு. மாவு எவ்வளவு என்றால், கெட்டிப்படும் வரை. அடுப்புச் சூடு எவ்வளவு என்றால், கையை உள்ளே நீட்டி எத்தனை எண்ணும் வரை தாங்குகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியது. விறகு, கரி அடுப்புகளில் வெப்பமானி கிடையாது. பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர் 1896-இல் தன் நூலில் கரண்டியையும் கோப்பையையும் தலை தட்டி அளக்கச் சொன்ன பிறகே துல்லியம் மெல்ல மெல்லப் பரவியது. ஊர்ப் புத்தகங்களில் முட்டை அளவு வெண்ணெய் அதற்குப் பிறகும் வெகுகாலம் நீடித்தது. அம்மாவிடம் கேட்டு எழுதியவர்கள் அம்மா சொன்னபடியேதான் எழுதினார்கள்.

★ 'ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு' என்றொரு கேக். 1 கப் வெண்ணெய், 2 கப் சர்க்கரை, 3 கப் மாவு, 4 முட்டை. பெயரைச் சொன்னாலே செய்முறை வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் மறக்க முடியாது.

★ சர்ச் வெளியீடுகளில் அடிக்கடி தென்படும் இன்னொன்று 'வேதாகம கேக்'. இதில் எந்தப் பொருளின் பெயரும் இருக்காது, அதிகாரமும் வசனமும்தான். ஒன்றரைக் கப் நியாயாதிபதிகள் 5:25, இரண்டு கப் எரேமியா 6:20, இரண்டு கப் 1 சாமுவேல் 30:12, ஒரு சிட்டிகை லேவியராகமம் 2:13 என்று போகும். அவர்கள் கையிலிருந்த ஆங்கில வேதாகமத்தைத் திறந்து பார்த்தால் முறையே வெண்ணெய், இனிப்புக் கரும்பு, உலர்திராட்சை, உப்பு என்று விடை கிடைக்கும். அத்திப்பழத்துக்கு நாகூம் 3:12. முட்டைக்கு எரேமியா 17:11. மாவுக்கு 1 இராஜாக்கள் 4:22. நன்றாக அடித்துக் கலக்க வேண்டும் என்பதற்கு, பிள்ளையைப் பிரம்பால் அடிப்பதைச் சொல்லும் நீதிமொழிகள் 23:14. வேதத்தை இந்த அளவு கரைத்துக் குடித்த பெண்கள் ஒரு சபையில் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை அடுப்பங்கரைக்கு இழுத்து வந்து வசனம் தேட வைக்கவும் இது உதவியிருக்கும்.

★ ஓட்டுரிமைக்காகவும் சமையல் புத்தகம் போட்டார்கள். 1886-இல் பாஸ்டனில் ஹேட்டி பர் தொகுத்த 'தி உமன் சஃப்ரேஜ் குக் புக்' முதலாவது. எழுதித் தந்தவர்களில் ஆசிரியர்கள், மருத்துவர்கள், மேடைப் பேச்சாளர்கள், சபைப் போதகர்கள் இருந்தார்கள். அரசியலுக்கு வந்த பெண் அடுப்பை அணைத்துவிடுவாள் என்ற ஏச்சுக்கு அடுப்படியிலிருந்தே பதில் சொன்ன நூல் அது.

1909-இல் சியாட்டிலில் வந்த 'வாஷிங்டன் உமன்ஸ் குக் புக்' இன்னும் சுவாரசியமானது. மலையேறுவோர் முகாமில் சமைப்பதற்கு ஒரு தனிப் பகுதி, கடலோடிகளுக்கு ஒரு பகுதி. அந்தப் பெண்களில் மலை ஏறுபவர்களும் இருந்தார்கள் என்பது அந்த ஒரு பகுதியிலேயே வெளிச்சமாகிறது. அடுத்த ஆண்டே, 1910-இல், வாஷிங்டன் மாநிலப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. நாடு முழுவதற்கும் கிடைக்க 1920 ஆயிற்று. இடையே 1915-இல் பிட்ஸ்பர்க்கில் வந்த இன்னொரு நூலில், ஓட்டுரிமையைச் சந்தேகிக்கும் கணவனுக்கென்றே ஒரு பை செய்முறை உண்டு. அதில் சேர்க்கச் சொல்லும் பொருள்கள் குழந்தை உழைப்பு, கெட்டுப்போன குடிநீர், கலப்பட உணவு, மோசமான சாலை!

★ பல ஊர்ப் புத்தகங்களில் வெளியான ஆண்டே அச்சாகியிருக்காது. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுவார்கள். சேகரிப்பவர்கள் வேறு வழியில் கண்டுபிடிப்பார்கள். விளம்பர முகவரியில் நகரப் பெயருக்குப் பின் ஓரிலக்க, ஈரிலக்க அஞ்சல் வட்ட எண் இருந்தால் 1943-க்குப் பிந்தியது. ஐந்து இலக்க ஜிப் குறியீடு இருந்தால் 1963-க்குப் பிந்தியது. மைக்ரோவேவ் அடுப்புக்கு ஒரு பகுதி இருந்தால் பெரும்பாலும் 1970-களோ 80-களோ.

★ போர்க்காலப் புத்தகத்தை அதன் பற்றாக்குறை காட்டிக்கொடுத்துவிடும். முட்டை இல்லை, பால் இல்லை, வெண்ணெய் இல்லை. உலர்திராட்சையைக் கொதிக்க வைத்து மாவு சேர்த்துச் சுட்ட 'போர் கேக்' முதல் உலகப் போர் நாட்களில் வீட்டுக்கு வீடு வந்தது. இரண்டாம் போரில் அமெரிக்காவில் சர்க்கரைக்கு 1942-இல் வந்த பங்கீடு, போர் முடிந்த பின்னும் 1947 வரை நீடித்தது. இனிப்புப் பகுதியில் தேனும் சோளப்பாகும் திடீரென்று தலைதூக்கும் புத்தகம் அந்த ஆண்டுகளைச் சேர்ந்ததா என்று பார்க்கத் தோன்றும்.

★ பாட்டி கைப்பக்குவம் என்று குடும்பமே பெருமைப்படும் பதார்த்தம் பல சமயம் டப்பாவின் பின்பக்கத்திலிருந்து வந்ததாக இருக்கும். பீன்ஸோடு காளான் சூப்பைக் கலந்து வேக வைக்கும் பதார்த்தத்தை 1955-இல் கேம்பல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் டார்கஸ் ரெய்லியின் குழு உருவாக்கியது. அது பிறகு எண்ணற்ற ஊர்ப் புத்தகங்களில் வெவ்வேறு பெண்களின் பெயரில் ஏறிவிட்டது. இதைக் குறையாக நான் பார்க்கவில்லை. ஊருக்குள் என்ன டப்பா வந்தது, எதை மக்கள் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதும் வரலாறுதான்.

★ ஒரு எச்சரிக்கை. இத்தகைய நூல்களை மட்டுமே அச்சிடும் நிறுவனங்கள் உண்டு. பகுதிப் பிரிப்பான்கள், அளவு அட்டவணை, கறை நீக்கும் குறிப்புகள் ஆகியவற்றை அவையே ஆயத்தமாகச் சேர்த்துவிடும். அயோவாவிலும் டெக்சாஸிலும் ஒரே குறிப்பு, ஒரே எழுத்து. அந்தப் பக்கங்களை வைத்து அந்த ஊர்ப் பெண்கள் இப்படித்தான் துணி வெளுத்தார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இன்னொன்று: பாதிப் புத்தகம் கேக்கும் பையுமாக இருப்பதைப் பார்த்து, அன்றாடம் அதைத்தான் தின்றார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். தினமும் வைக்கும் சூப்பையும் வேக வைக்கும் உருளைக்கிழங்கையும் யாரும் எழுதி வைப்பதில்லை. கை பழகிய வேலை. நம் வீடுகளில் ரசத்துக்கு யார் குறிப்பு எழுதி வைத்தார்கள்? அளவு தவறினால் கெட்டுப்போவதையும், நாலு பேர் முன் பெருமையாக வைப்பதையும்தான் எழுதினார்கள்.

★ யாருடைய பெயர் இல்லை என்பதும் செய்திதான். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரப் பெண்கள் சங்கம் 1950-இல் வெளியிட்ட 'சார்ல்ஸ்டன் ரெசீட்ஸ்' இன்றும் அச்சில் இருக்கிறது. இறாலும் சோளக் கஞ்சியும், நண்டு சூப்பும் என்று அந்தக் கடற்கரையின் ருசி முழுவதும் அதில் உண்டு. செய்முறைகளின் கீழே நகரத்துப் பெரிய வீட்டுப் பெண்களின் பெயர்கள். அந்த வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அடுப்பெரித்த கறுப்பினச் சமையற்காரிகளின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. அவர்கள் பேசிய 'கல்லா' என்ற மொழி மட்டும் பக்கங்களுக்கு இடையே அலங்காரமாக வருகிறது. புத்தகம் அருமையானது, அந்த மௌனம் பெரிய அநியாயம். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1958-இல், கறுப்பினப் பெண்களின் தேசிய மன்றம் தன் சொந்த நூலை வெளியிட்டது. தொகுத்தவர் சூ பெய்லி தர்மன். நாட்காட்டி வரிசையில் அமைந்த நூல். ஜனவரி 1-ஆம் தேதி அடிமைத்தளை நீக்க அறிவிப்பு வந்த நாளில் தொடங்கி, ஆண்டு முழுவதும் வரும் நாட்களை வரலாற்றோடும் உணவோடும் சேர்த்துச் சொல்கிறது. வேர்க்கடலை ஆராய்ச்சிக்குப் புகழ் பெற்ற ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரும் அதில் வருகிறார். பாடப்புத்தகம் இடம் தராத வரலாற்றைச் சமையல் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள்.

★ சமைக்க ஒரு பிடி மாவுகூட இல்லாத இடத்தில் எழுதப்பட்ட சமையல் புத்தகம் ஒன்று உண்டு. செக் நாட்டின் தெரசின் நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த முகாமில், பட்டினி கிடந்த பெண்கள் தங்கள் வீட்டுப் பதார்த்தங்களை நினைவிலிருந்து ஜெர்மன் மொழியில் எழுதினார்கள். சாக்லேட் கேக், உருண்டைப் பலகாரங்கள், வாத்துக் கறி. அந்தத் தாள்களை வைத்திருந்த மீனா பேக்டர் 1944-இல் முகாமிலேயே இறந்தார். இறப்பதற்கு முன், பாலஸ்தீனத்தில் இருந்த தன் மகளிடம் சேர்த்துவிடும்படி ஒரு நண்பரிடம் கொடுத்திருந்தார். அந்த நண்பரிடம் முகவரி இல்லை. கை மாறிக் கை மாறி, சுமார் கால் நூற்றாண்டு கழித்து நியூயார்க்கில் வாழ்ந்த மகள் ஆனி ஸ்டெர்னிடம் அந்தப் பொட்டலம் வந்து சேர்ந்தது. 1996-இல் 'இன் மெமரிஸ் கிச்சன்' என்ற பெயரில் நூலானது.

அந்தச் செய்முறைகள் சிலவற்றில் முக்கியப் பொருளே விட்டுப்போயிருக்கும். அளவு பொருந்தாது. பதிப்பித்தவர்கள் அவற்றைத் திருத்தாமல் அப்படியே விட்டார்கள். அது மிகச் சரியான முடிவு. பசியில் நினைவு தடுமாறியதற்கு அந்தப் பிழையே சாட்சி.

★ நம் நாட்டிலும் உண்டு. மசூரிக்கு மேலே லேண்டூர் மலையில் தங்கியிருந்த அமெரிக்க மிஷனரிக் குடும்பங்கள் 1930-களில் தங்கள் சமூக மையத்துக்காக ஒரு நூல் தொகுத்தார்கள். லேண்டூர் சுமார் 7,500 அடி உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளிக் கணக்கில் கேக் சுட்டால் பொங்கி நடுவில் அமுங்கிவிடும். மலைக்கேற்ற அளவுகளை ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் ரஸ்கின் பாண்டும் கணேஷ் சைலியும் இதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்கள்.

மும்பையில் சாரஸ்வத் மகிளா சமாஜம் 1943-இல் மராத்தியில் வெளியிட்ட 'ரசசந்திரிகா', சித்ராப்பூர் சாரஸ்வதக் குடும்பங்களில் இன்றும் புது மணப்பெண்ணுக்குப் போகும் நூல். அதே நகரின் பார்சிப் பெண்களுடைய 'டைம் அண்ட் டேலன்ட்ஸ்' கிளப்பும் 1930-களில் நற்பணி நிதிக்காக ஒன்று போட்டது.

★ கொழும்பில் 1929-இல் ஹில்டா டொய்ட்ரம் தொகுத்து வந்தது 'சிலோன் டெய்லி நியூஸ் குக்கரி புக்'. பறங்கியர் வீட்டு லவ் கேக்கும் வாழையிலையில் கட்டி வேக வைக்கும் லம்ப்ரைஸும் என்ன பக்குவத்தில் இருந்தன என்று அறிய விரும்புவோர் இன்றும் முதலில் தேடுவது அதைத்தான்.

★ பழைய தமிழ்ச் சமையல் நூல் கையில் கிடைத்தால் அளவைகளில் தடுக்கி விழாமல் இருக்க ஒரு சிறு வாய்ப்பாடு: 8 ஆழாக்கு ஒரு படி, 40 பலம் ஒரு வீசை, வீசை என்பது சுமார் 1.4 கிலோ, 'ரூபாய் எடை' என்றால் ஒரு தோலா, கிட்டத்தட்ட 11.7 கிராம். படியில் ஊருக்கு ஊர் பெரிது சிறிது உண்டு. ஆகவே நூல் எந்த ஊரில் அச்சானது என்று முதலில் பார்ப்பது நல்லது. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-இல் வந்து, பிறகு படிப்படியாக நடைமுறையானது. அந்த இடைக்காலப் பதிப்புகளில் பலமும் கிராமும் ஒரே பக்கத்தில் இருக்கக் காணலாம்.

★ நெய்க்கறை பட்ட பக்கத்தை யாராவது துடைக்கப் போனால் தடுத்துவிடுங்கள். புத்தகத்தில் எது நிஜமாகச் சமைக்கப்பட்டது என்று சொல்வது அந்தக் கறைதான். ஓரத்தில் பென்சிலால் 'சர்க்கரை பாதி போதும்' என்றோ, மகன் பிறந்தநாளுக்குச் செய்தது என்றோ எழுதியிருந்தால் பிரதியின் மதிப்பு என் கணக்கில் பல மடங்கு. கடைக்காரர் அதையே குறையாகச் சொல்லி விலையைக் குறைப்பார்; வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே செருகிய பத்திரிகைத் துணுக்குகளை மட்டும் எடுத்துவிட வேண்டும்; செய்தித்தாளில் உள்ள அமிலம் எதிர்ப் பக்கத்தைப் பழுப்பாக்கிவிடும். எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துத் தனி உறையில் வையுங்கள். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றுங்கள். பசைநாடா ஒட்டவே ஒட்டாதீர்கள். இராமபாணப் பூச்சிக்கு மாவும் பசையும் விருந்து என்பதால் சமையலறை அலமாரியைத் தவிர வேறு எங்கு வைத்தாலும் தேவலை.

★ சேகரிக்கக் காசோ இடமோ இல்லாதவர்களுக்கு: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 'ஃபீடிங் அமெரிக்கா' என்ற பெயரில் பழைய சமையல் நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, ஊர்ப் புத்தகங்களும் அதில் உண்டு. தமிழில் பழைய அச்சு நூல்களைத் தேட சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. வீட்டிலேயே தேடலாம் என்றால், மகளிர் பத்திரிகைகளோடு இலவசமாக வந்த '30 வகை' இணைப்புகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டுங்கள். வாசகியர் பெயரும் ஊரும் சில இணைப்புகளில் அச்சாகியிருக்கும். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிப் பொன்விழா மலர், மாதர் சங்க ஆண்டு மலர் ஆகியவற்றின் கடைசிப் பக்கங்களையும் விட்டுவிடாதீர்கள். சமையல் குறிப்பும் உள்ளூர்க் கடை விளம்பரமும் அங்கேதான் ஒன்றாக ஒதுங்கியிருக்கும்.